ரோமில் சாப்பிட எங்கே போவது: பழைய நகர மையமா, டிராஸ்டவெரேயா, டெஸ்டாச்சோவா?

ரோமுக்குச் சுற்றுலா போகிறவர்கள் விடுதி அறையையும் வத்திக்கான் அருங்காட்சியக நுழைவுச்சீட்டையும் பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். சாப்பாட்டை மட்டும் பசிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பசியெடுக்கும் நேரத்தில் நாம் நிற்பது பெரும்பாலும் பாந்தியன் வாசலிலோ, நவோனா சதுக்கத்திலோ, ட்ரெவி நீரூற்றை ஒட்டிய சந்திலோதான். அங்கே உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. நல்ல உணவகத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கடந்த மார்ச் மாதம் குடும்பத்தோடு போனபோது, எந்த உணவகம் என்பதைவிட எந்தப் பேட்டையில் சாப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டோம். பழைய நகர மையம், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டிராஸ்டவெரே, தெற்கே சற்றுத் தள்ளியிருக்கும் டெஸ்டாச்சோ ஆகிய மூன்றில் டெஸ்டாச்சோவைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தேர்வு சரியானது என்பதே என் உறுதியான கருத்து. மற்ற இரண்டையும் அருகில் வைத்து அதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

மூன்று இடங்களிலும் மெனு அட்டையின் முதல் பக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். கார்போனாரா, அமாத்ரிச்சானா, கிரிச்சா, காச்சோ எ பெப்பே என்ற நான்கு பாஸ்தா வகைகள் இல்லாத ரோமானிய உணவகத்தைப் பார்ப்பது அரிது. அழகும் சூழலும் வேண்டுமென்றால் நகர மையத்துக்கு ஈடு இல்லை. மாலை உலாவுக்கு டிராஸ்டவெரேயை மிஞ்ச எதுவுமில்லை. இவற்றைப் பற்றி வாதம் தேவையில்லை. தட்டில் வருவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நகர மையத்தை முழுவதும் ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. நின்றபடியே உண்ணும் சிறு தீனிக்கும் காப்பிக்கும் அது நல்ல இடம். கம்போ தெ ஃபியோரி சதுக்கத்தின் மூலையில் உள்ள அடுமனையில், ஆலிவ் எண்ணெயும் உப்பும் மட்டும் தூவிச் சுட்ட வெள்ளைப் பீட்சாவை நீளமாக வெட்டிக் காகிதத்தில் சுற்றித் தருகிறார்கள். சூடாகக் கிடைத்துவிட்டால் காலைப் பசிக்கு அதுவே போதும். காப்பியைக் கல்லாவில் பணம் கட்டிவிட்டு நின்றுகொண்டே குடிக்க வேண்டும். அதே கோப்பையை மேசையில் உட்கார்ந்து வாங்கினால் விலை இரண்டு, மூன்று மடங்காகிவிடும். யூதர் பேட்டையின் பொரித்த கூனைப்பூவுக்காகவும் (ஆர்டிசோக்) ஒருமுறை அந்தப் பக்கம் போகலாம். ஆனால் குடும்பமாக உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுவதற்கு, பெயர் தெரிந்து முன்பதிவு செய்த சில கடைகளைத் தவிர, மையத்தை நம்பி நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

டிராஸ்டவெரே மற்ற இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அந்தப் பேட்டையை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பெரிய சாலை போகிறது. சாலைக்கு மேற்கே, சாந்தா மரியா தேவாலயத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் மாலையானால் நடக்க இடமிருக்காது; மேசைகள் தெருவையே அடைத்துக்கொள்ளும். கிழக்கே, சாந்தா செசிலியா தேவாலயப் பக்கம் போனால் கூட்டம் சட்டென்று குறைகிறது. அங்கே நாங்கள் சாப்பிட்ட அமாத்ரிச்சானாவில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. பகல் வேளையில்தான் அங்கே சாப்பிட்டோம் என்பதால், இரவு நேரத்து டிராஸ்டவெரேயைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் விடுதி அங்கேயே அமைந்துவிட்டால், சாப்பாட்டுக்காக வேறு பேட்டைக்கு அலைய வேண்டிய அவசியம் இல்லை. சாலையைத் தாண்டிக் கிழக்கே நடந்தால் போதும்.

இனி டெஸ்டாச்சோ. பண்டைய ரோமானியர்கள் ஆலிவ் எண்ணெய் வந்த மண்சாடிகளை உடைத்து அடுக்கி அடுக்கியே உருவான, ஏறத்தாழ 35 மீட்டர் உயரக் குன்று ஒன்று இங்கே இருக்கிறது. பேட்டைக்குப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். சாப்பாட்டுக்கு இந்த இடம் பேர்போனதற்குக் காரணம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே அமைந்த நகராட்சி இறைச்சிக்கூடம். 1975 வரை அது இயங்கியது. நல்ல இறைச்சி வசதியானவர்களின் வீடுகளுக்குப் போக, தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கிடைத்தவை வாலும் குடலும் ஈரலும்தான். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகள் அவற்றை வாங்கிப் பொறுமையாகச் சமைத்ததில் பிறந்தவைதான் இன்று ரோமின் அடையாளமாகச் சொல்லப்படும் பல உணவுகள். தக்காளியிலும் செலரித் தண்டிலும் மணிக்கணக்கில் வெந்து, எலும்பிலிருந்து சதை தானாகக் கழன்று வரும் மாட்டுவால் குழம்பு அவற்றில் தலையானது. ஆட்டுக்குடல் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிடும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சமையலை விளக்கவே தேவையில்லை.

இறைச்சிக்கூடத்துக்கு எதிரே, 2012-இல் புதிய கட்டடத்துக்கு மாறிய டெஸ்டாச்சோ சந்தை இருக்கிறது. காலையில் அங்கே போய் ஒரு காய்கறிக் கடை முன்னால் சிறிது நேரம் நின்று பாருங்கள். கடைக்கார அம்மையார் கூனைப்பூவை இடக்கையில் சுழற்றிக்கொண்டே, வலக்கையில் உள்ள சிறு கத்தியால் வெளி இதழ்களைச் சுருள் சுருளாகச் சீவி, இளம் பகுதி மட்டும் மிஞ்சியதும் எலுமிச்சை மிதக்கும் நீர் வாளியில் போடுகிறார். பேச்சு வாடிக்கையாளரோடு நடந்துகொண்டே இருக்கிறது, கண் கத்தியைப் பார்ப்பதே இல்லை. அதே சந்தையில், வேகவைத்த மாட்டிறைச்சியை ரொட்டிக்குள் வைத்துத் தரும் கடையில், ரொட்டியின் உட்புறத்தை இறைச்சி வெந்த சாற்றில் ஒற்றி எடுத்து நிரப்புகிறார்கள். கையில் வழியும், பரவாயில்லை. மதிய உணவுக்கு நாங்கள் திரும்பத் திரும்பப் போனது இந்தச் சந்தைக்குத்தான்.

இந்த மூன்று பேட்டைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நான் ஒரே ஒரு கேள்வியால் அளக்கிறேன்: இன்று சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் மறுபடி வர வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கடைக்கு இருக்கிறதா? சமையற்காரரின் திறமை, விலை, அலங்காரம் எல்லாம் இதற்குப் பின்னால்தான். பாந்தியனுக்கு எதிரே மேசை போட்டிருக்கும் கடையில் இன்று சாப்பிடுகிறவர் மூன்றாம் நாள் ஃப்ளோரன்சில் இருப்பார். அவர் முகம் சுளித்தாலும் நாளை அதே நாற்காலியில் உட்கார வேறொருவர் காத்திருக்கிறார். கடை நிலைப்பது சதுக்கத்தின் அழகினால். சமையலுக்கு அதில் பெரிய பங்கில்லை. டெஸ்டாச்சோவில் அப்படி இல்லை. அங்கே மதியம் ஒன்றரை மணிக்கு உள்ளே வருகிறவர்கள் பக்கத்து அலுவலகத்துக்காரர்கள், தச்சர்கள், பேரனை அழைத்துவரும் தாத்தாக்கள். கார்போனாராவில் முட்டை திரிந்துபோயிருந்தால் அவர்கள் அன்றே சொல்லிவிடுவார்கள். இரண்டு முறை திரிந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். இந்த அச்சம் ஒன்றே சமையலறையை நேராக வைத்திருக்கிறது. அந்த மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்காரும் வெளியூர்க்காரருக்கும் அதே பாஸ்தாதான் வருகிறது.

அப்படிப்பட்ட கடையை வெளியிலிருந்தே கண்டுகொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை அறிவித்திருப்பார்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைக்காது. மாலை ஐந்து மணிக்கே அழைக்கிற கடை யாருக்காகத் திறந்திருக்கிறது என்பது தெரிந்ததே. வாசலில் நின்று கூப்பிட ஆள் இருக்காது. உணவின் புகைப்படங்களும் இருக்காது. ரோமில் வியாழனன்று உருளைக்கிழங்கில் செய்யும் ஞொக்கி உருண்டைகள், வெள்ளியன்று மீன், சனியன்று குடல் என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. மெனுவோடு இணைத்த கையெழுத்துத் தாளில் இந்த நாள் கணக்கு இருந்தால், அந்தத் தாள் உள்ளூர்க்காரருக்காக எழுதப்பட்டது. பருவத்தையும் பாருங்கள். ரோமானியக் கூனைப்பூவுக்கு உரிய காலம் குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரைதான். ஆகஸ்டிலும் அதை முன்னால் நிறுத்தி விற்கிற கடைக்குச் சந்தையோடு தொடர்பு குறைவு. மெனுவில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் சிறு நட்சத்திரக் குறி இருந்தால், அது உறையவைத்த பொருளிலிருந்து செய்தது என்று அடிக்குறிப்பு சொல்லும். இத்தாலியில் இதை மறைப்பது குற்றமாகும். ஒன்றிரண்டு மீன் வகைகளுக்கு மட்டும் நட்சத்திரம் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். அட்டை முழுக்க நட்சத்திரமாக இருந்தால் எழுந்துவிடுவதே மேல்.

கைப்பேசியில் நட்சத்திர மதிப்பீடு பார்த்துப் போகலாமே என்பவர்களுக்கும் என் பதில் இதே கேள்வியிலிருந்துதான் வருகிறது. நகர மையத்துக் கடைகளுக்கு மதிப்பெண் தருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு முறை சாப்பிட்டவர்கள். இனிய மாலையில், களைத்த கால்களோடு, பரிமாறியவரின் சிரிப்பையும் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். அதைவிட, துரித உணவுக்கு எதிரான மெதுவுணவு (ஸ்லோ ஃபுட்) இயக்கத்தினர் 1990 முதல் வெளியிட்டு வரும் இத்தாலியச் சாப்பாட்டுக்கடை வழிகாட்டியை நான் நம்புகிறேன். அவர்கள் சிறப்பென்று கருதும் கடைகளுக்கு நத்தைச் சின்னம் இட்டிருப்பார்கள்; மொழி தெரியாவிட்டாலும் நத்தையைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். கைப்பேசி மதிப்பீட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட கருத்துகளை மட்டும் பிரித்துப் படியுங்கள். அவற்றில்தான் முன்பு போலில்லை, இன்னும் அப்படியே இருக்கிறது போன்ற சொற்கள் வரும். திரும்பி வந்தவர்தான் அப்படி எழுத முடியும்.

செலவு என்று பார்த்தால், மூன்று பேட்டைகளுக்கும் நடுவே பாஸ்தா விலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் பில்லின் மற்ற வரிகளில் வருகிறது. ரோம் அடங்கிய லாசியோ பிராந்தியத்தில் இருக்கைக் கட்டணத்தை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தாலும், ரொட்டிக்கென்றோ பரிமாறுவதற்கென்றோ ஒரு தொகை பல கடைகளில் சேர்கிறது. மெனுவில் எழுதியிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மீனுக்கு எழுதியிருக்கும் விலை பல நேரம் 100 கிராமுக்கானது. முழு மீன் கேட்கும் முன் எடை போட்டு விலை சொல்லச் சொன்னால், நல்ல கடையில் யாரும் முகம் கோண மாட்டார்கள்.

டெஸ்டாச்சோவுக்கு எதிராகவும் சொல்ல வேண்டியவை உண்டு. சைவர்களுக்கு இது எளிதான பேட்டை அல்ல. நான்கு பாஸ்தாக்களில் மூன்றில் பன்றிக் கன்ன இறைச்சி கலந்திருக்கும். மிஞ்சுவது பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே சேரும் காச்சோ எ பெப்பே. சில கடைகளில் அதை நம் கண் முன்னாலேயே, தட்டில் துருவிய கட்டியின் மீது சுடுபாஸ்தாவைப் போட்டு, இரண்டு கரண்டிகளால் வேகமாகப் புரட்டிப் புரட்டி, கட்டியும் பாஸ்தா வெந்த நீரும் சேர்ந்து வெண்ணெய் போலத் திரளும் வரை கலந்து தருவார்கள். ஆனால் அதில் சேரும் பெக்கரினோ ரொமானோ, ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையால் செய்யப்படுவது என்பதைக் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத்துப் புந்தரெல்லே கீரை சாலட்டிலும் நெத்திலி மீன் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய சிக்கோரியக் கீரை, தக்காளிப் பாஸ்தா ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். சில வேளைகளுக்கு அது போதும். ஒரு வாரம் முழுவதற்கும் போதுமா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு என் அனுபவம் இல்லை.

தூரம் ஒரு பெரிய குறை அல்ல. கொலோசியத்திலிருந்து மெட்ரோ பி தடத்தில் இரண்டாவது நிறுத்தம் பிரமிடே. இறங்கி நடக்கும் தொலைவில் எல்லாம் இருக்கிறது. கொலோசியத்தையும் பழைய மன்றத்தையும் (ரோமன் ஃபோரம்) காலையில் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடுவது வசதியான ஏற்பாடு. சந்தைக் கடைகள் பிற்பகல் நடுவிலேயே மூடிவிடும், ஞாயிறு விடுமுறை என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வத்திக்கான் பார்க்கும் நாளில் டெஸ்டாச்சோவுக்கு வர முயல வேண்டாம். ரயில் மாறி வருவதற்குள் பசி தாங்காது. அருங்காட்சியக வாசலிலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் த்ரியொன்ஃபாலே சந்தை வரும். அதுவும் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் காய்கறி வாங்கும் சந்தைதான். அங்கிருந்து சிப்ரோ மெட்ரோ நிலையத்துப் பக்கம் போனால், எடைபோட்டு வெட்டித் தரும் பீட்சாவுக்குப் பெயர்பெற்ற கடைகள் உண்டு. எந்தப் பேட்டையானாலும் சனி இரவுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் முன்பதிவு அவசியம். உள்ளூர்க் குடும்பங்கள் சேர்ந்து வெளியே சாப்பிடும் வேளைகள் அவை. ஆகஸ்டு 15-ஐ ஒட்டிய வாரங்களில் டெஸ்டாச்சோவின் நல்ல கடைகள் பலவும் மூடியிருக்கும் என்பதால், அந்தச் சமயத்தில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஒவ்வொரு கடைக்கும் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.