கறி அறை நல்லாத்தான் இருக்கு, அந்தக் குழாய்தான்...

குன்னூரில் இருக்கும் மச்சான் வீட்டோடு ஒரு கறி அறை, அதாவது ஆட்டுக்கறியை வீட்டிலேயே வெட்டிக்கொள்ள ஒரு தனி அறை, கட்டப்போகிறானாம். டேபிள் என்ன விலை, கீமா மெஷின் எந்த நம்பர், டீப் ஃப்ரீசர் எத்தனை லிட்டர் என்று வாட்ஸ்அப்பில் வரிசையாகக் கேட்டிருந்தான். அதெல்லாம் கோயமுத்தூரில் எந்தக் கடையில் போய் நின்றாலும் அவர்களே சொல்வார்கள். கோத்தகிரியில் சில வருஷமாக இப்படி ஒரு அறையோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் தரைக்குக் கீழே ஓடும் குழாயைப் பற்றித்தான். நேற்றுதான் பிளம்பர் வந்து அதை அறுத்து மாற்றிவிட்டுப் போனார், கூலி கொடுத்த கடுப்பு இன்னும் இறங்கவில்லை, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அறுத்தெடுத்த துண்டைச் சாக்கின் மேல் வைத்துக் காட்டினார். வெளியே பார்த்தால் 2 இஞ்ச் பிவிசி. உள்ளே சுற்றிலும் வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வருகிறது. "அண்ணா, இதுல திரி போட்டா எரியும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழே சமவெளியில் கறி வெட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது. ஆட்டுக் கொழுப்பு உருகவே 45 டிகிரி பக்கம் சூடு வேண்டும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும், மண்ணுக்குள் கிடக்கும் குழாயும் அதே குளிர்தான். டேபிளைக் கழுவின தண்ணீரோடு போகும் கொழுப்பு நஹானி டிராப்பை, தரை ஓட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணத்தைத், தாண்டுவதற்குள் உறைய ஆரம்பிக்கும். சரி, கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர் ஊற்றினால் போச்சு என்று எல்லாரும் சொல்வார்கள். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் அந்த ஐந்தாறு டிகிரி இல்லை இங்கே பிரச்சினை. சுடுதண்ணீர் கொழுப்பை ஒழிப்பதில்லை, இளக்கித் தள்ளிக்கொண்டு போய், தான் ஆறுகிற இடத்தில் இறக்கிவிட்டுப் போகிறது. கம்பி விட்டு எடுக்கக்கூடிய அடைப்பு இப்போது குழாய் வளையும் எல்போவைத் தாண்டி, தோட்டத்துக்கு அடியில், எதுவும் எட்டாத தூரத்தில்.

எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் ஊற்றவும் முடியாது. ரத்தம் சூட்டில் வெந்து டைல்ஸ் இடுக்கில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் பழுப்பாகவே நிற்கும். ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர், கொழுப்புக்குச் சுடுதண்ணீர், ஒரே டேபிளில் இரண்டும்தான் கிடக்கும். அதனால் இப்போது தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே, பெயின்டர்கள் பட்டி பூசும் பிளேடால் கொழுப்பு, சவ்வு, எலும்புத் தூள் எல்லாவற்றையும் வழித்து வாளியில் போட்டு, பழைய பேப்பரால் ஒரு துடை துடைத்து, பச்சைத்தண்ணீர் விட்டு, கடைசியில் சலவைச் சோடா கலந்த சுடுதண்ணீர் கொஞ்சம். வெட்டுகிற நேரத்தில் பாதி இந்த வழிக்கிற வேலைக்கே போகிறது. என் தம்பி உதவிக்கு வந்தால் ஓஸைத் திறந்துவிட்டு மொத்தத்தையும் ஓட்டைக்குள் தள்ளிவிட்டு, அறை பளிச்சென்று இருக்கிறது பார் என்பான். அவனுக்கென்ன, ஊருக்குப் போய்விடுவான்.

இதற்கு முன் அடைத்தபோது சுவருக்கு வெளியே ஒரு கிரீஸ் டிராப் கட்டினோம். சின்னத் தொட்டிதான். கழிவுத் தண்ணீர் அதில் வந்து நிதானப்படும், கொழுப்பு மேலே மிதந்து ஆடையாகும், தண்ணீர் அடியிலிருந்து எழும்பும் குழாய் வழியே வெளியேறும், வாரத்துக்கு ஒருதரம் ஆடையை அள்ளினால் போதும். அருமையாக வேலை செய்தது. கரடிக்கும் பிடித்துவிட்டது. கோத்தகிரிப் பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் கரடி குடித்துவிட்டுப் போவது ஒன்றும் புதுச் செய்தி இல்லை, அப்படியிருக்க ஒரு தொட்டி நிறையக் கொழுப்பை வீட்டுக்குப் பின்னால் வைத்தால் விடுமா? ஒருநாள் காலையில் பார்த்தால் சிமெண்ட் மூடி தேயிலைச் செடிக்குள் கிடக்கிறது, தொட்டி ஓரத்தில் நகக் கீறல், உள்ளே வழித்து நக்கின மாதிரி சுத்தம். "உங்க வேலையை அது பார்த்துடுச்சு, விடுங்க" என்றாள் என் மனைவி. அவளே அதற்கப்புறம் இருட்டினால் பின்வாசல் பக்கம் போவதில்லை. இப்போது இரும்புச் சட்டத்தில் மூடி, நாலு மூலையிலும் போல்ட், அதற்கு மேல் ஒரு பூட்டு. எலும்பையும் சவ்வையும் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுகிறேன், மேலாக மூடினால் காட்டுப்பன்றி கிளறிவிடும்.

வெறும் கோபத்தில் எழுதுகிறேன் என்று ஆகிவிடக்கூடாது, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிரில் கறி வெட்டுகிற சுகமே தனி. மார்கழி, தையில் ஈ கிடையாது, கொழுப்பு கத்தியில் இழுபடாது, கீமா மெஷினில் போட்டால் வெள்ளை வெள்ளையாகவும் சிவப்பு சிவப்பாகவும் தனித்தனியே தெரிகிற மாதிரி இழை இழையாக விழும். கீழே வெயில் காலத்தில் இதே மெஷினில் கூழாக வரும், கறியைப் பாதி உறையவைத்துத்தான் அரைக்க வேண்டும். இந்தக் கீமாவில் கோலா உருண்டை போட்டால் எண்ணெயில் ஒன்றுகூடப் பிரியாது. கறிக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த புளியமரக் கட்டை ஒன்று இருக்கிறது, வெட்டி முடித்ததும் சுரண்டி உப்புத் தேய்த்து நிமிர்த்தி வைத்தால் இந்த ஈரத்திலும் பூசணம் பிடிக்காமல் உழைக்கிறது. அறையில் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான் அதுதான்.

குளிரை ரொம்ப நம்பவும் கூடாது. அறுத்த ஆட்டை உடனே சில்லென்ற இடத்தில் மாட்டினால், செத்த உடம்புக்கு வரும் விறைப்பு வந்து முடிவதற்கு முன்பே சதை 10 டிகிரிக்குக் கீழே போய்ச் சுருங்கிக்கொள்ளும், அப்புறம் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் மெல்ல முடியாது. ஆடு சிறிய உடம்பு, வேகமாகக் குளிர்ந்துவிடும். அறுப்பு என் வீட்டில் கிடையாது, உரித்து முழுதாகக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்கள். முதல் பத்து மணி நேரம் ஜன்னலைச் சாத்தி வைத்து, அதற்கப்புறம்தான் 4 டிகிரிக்கு ஃப்ரிட்ஜ். மலைக்குளிரே ஃப்ரிட்ஜ் மாதிரிதானே என்று நாள்கணக்கில் தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் நான் ரசம்சாதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

உப்புக்கண்டம் போடலாம் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். மூடுபனியில் காயாது, ஊசிப்போகும். எனக்கு மேட்டுப்பாளையத்தில் மாமியார் வீட்டு மொட்டைமாடி இருக்கிறது, காயப்போடும் கறி அங்கே போய்விடும். வெளியே விற்கிற எண்ணம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அது இது என்று தனி அலைச்சல், நான் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் மட்டும்தான்.

ஆக மச்சான், கட்டலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடையில் கண்ணெதிரே வெட்டி வாங்கிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிடு. கேட்கமாட்டாய், தெரியும். அப்படியென்றால் டைல்ஸ் கலர் பார்ப்பதற்கு முன்னால் குழாயைப் பார். 4 இஞ்ச், வளைவே இல்லாமல் நேராக, 50 அடிக்கு 1 அடி சரிவு, கிரீஸ் டிராப் தொட்டி அறைச் சுவரை ஒட்டியே, நடுவில் திறந்து சுத்தம் செய்ய ஒரு வாய். பாத்ரூமுக்கே 2 இஞ்ச்தான் போடுகிறோம் என்று மேஸ்திரி சொல்வார், தலையாட்டிவிட்டு 4 இஞ்சை வாங்கிக் கொடுத்துவிடு. மூடிக்குப் போல்ட் மறக்காதே, உங்கள் பக்கமும் கரடி இருக்கிறது.

தீபாவளிக்கு ஆடு சொல்லிவைத்திருக்கிறேன். தொடை வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடு, தம்பியும் கேட்டிருக்கிறான்.