பிஏ-எக்ஸ்: சமாதான ஒப்பந்தங்களைத் தேடி வாசிக்க ஓர் இலவசத் தளம்

ஒரு நாட்டின் சமாதான ஒப்பந்தத்தில், துவக்கு (துப்பாக்கி) இல்லாத ஆட்களுக்கு என்ன இடம் கிடைத்தது என்று பார்க்க வேண்டுமென்றால் நான் இப்போது முதலில் திறப்பது பிஏ-எக்ஸ் (PA-X) தரவுத்தளத்தைத்தான். எடின்பரோ பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. 1990 முதல் உலகெங்கும் எழுதப்பட்ட போர்நிறுத்தங்கள், இடைக்கால உடன்பாடுகள், முழுமையான சமாதான ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இதில் இருக்கின்றன. காசு எதுவும் கேட்பதில்லை. ஆவணத்தை முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

நான் மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பிரதேச மத்தியஸ்த சபையில் உறுப்பினராக இருக்கிறேன். வேலிப் பிரச்சினை, கைமாற்றுக் கடன், அயலவருக்குள் நடந்த கைகலப்பு, இவைதான் எங்களிடம் வரும். பிணக்குப்பட்டவர்கள் இருவரும் எங்கள் முன்னால் நேருக்கு நேர் இருந்து கதைப்பார்கள். சம்மதம் என்றால் கையெழுத்து வைப்பார்கள். இல்லையென்றால் இணக்கம் வரவில்லை என்று எழுதிக் கொடுப்போம், அவர்கள் நீதிமன்றம் போவார்கள். பாதிக்கப்பட்டவர் இல்லாமல் ஒரு பிணக்கைத் தீர்க்கலாம் என்ற எண்ணமே எங்கள் சபைக்கு வராது.

ஓர் இளையோர் குழுவுக்குச் சமாதானப் பேச்சுவார்த்தைகள் பற்றி வகுப்பும் எடுக்கிறேன். அங்கே ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நாடுகளுக்குள்ள சண்டை முடியிற நேரம் மட்டும் ஏன் சண்டை பிடிச்ச ஆக்களே மேசையில இருக்கிறாங்க? மற்ற ஆக்கள் எங்க?" நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடும் கருவியாகத்தான் இந்தத் தளத்தைப் பாவித்தேன். ஆகவே இந்த விமர்சனமும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

தேடும் முறை சிக்கலானதல்ல. நாடு, ஆண்டு, ஒப்பந்தத்தின் கட்டம் என்று வடிகட்டலாம். அதைவிடப் பயனுள்ளது, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் அவர்கள் பொருள்வாரியாகப் பிரித்து வைத்திருக்கும் முறை. பெண்கள், அகதிகள், காணி, பொலிஸ், ஊடகம் என்று இருநூறுக்கும் மேற்பட்ட தலைப்புகள். ஆட்சிமுறை என்ற பகுதிக்குள் சிவில் சமூகம், அதாவது அரசோ ஆயுதக் குழுவோ அல்லாத மக்கள் அமைப்புகள், ஒரு தனித் தலைப்பு. அதைத் தெரிவு செய்தால், அந்த விடயத்தை ஒப்பந்தம் எவ்வளவு ஆழமாகப் பேசுகிறது என்பதற்கு 0 முதல் 3 வரை ஒரு மதிப்பு இருக்கும். மதிப்போடு நிறுத்தாமல், சம்பந்தப்பட்ட வாசகத்தையே வெட்டி எடுத்துக் காட்டுகிறார்கள். இது பெரிய உதவி. ஆய்வாளர் சொல்லும் முடிவை நம்ப வேண்டிய அவசியமில்லை. வாசகத்தைப் பார்த்து நாமே தீர்மானிக்கலாம்.

எங்கள் சொந்த ஆவணத்திலிருந்தே வகுப்பைத் தொடங்கினேன். இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தம் எங்கள் தலைமுறைக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதை முழுதாக வாசித்தவர்கள் குறைவு. அதன் 3.7ஆம் பிரிவைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு இடங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பேர்: அரசு நியமிக்கும் இருவர், புலிகள் நியமிக்கும் இருவர், தலைமை தாங்க ஒரு வெளிநாட்டுக் கண்காணிப்பாளர். இரு தரப்பும் நியமிப்பவர்கள் ஓய்வுபெற்ற நீதிபதிகளாகவோ, அரச உத்தியோகத்தர்களாகவோ, சமயத் தலைவர்களாகவோ, அதுபோன்ற முக்கிய பிரஜைகளாகவோ இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. பொதுமக்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஒப்பந்தம் திறந்த கதவு இதுதான். ஆனால் அந்தக் கதவால் யார் உள்ளே வருவது என்பதை இரு தரப்பும்தான் தீர்மானித்தன. ஊர்ச் சங்கமோ, பள்ளிவாசலோ, கோயிலோ, மாதர் அமைப்போ தன் ஆளைத் தானே அனுப்ப முடியாது.

அதே ஒப்பந்தத்தின் முன்னுரையில் முஸ்லிம் மக்கள் பற்றி ஒரு வரி வருகிறது. மோதலில் நேரடியாகச் சம்பந்தப்படாதவர்களும் அதன் விளைவுகளை அனுபவிக்கிறார்கள், குறிப்பாக முஸ்லிம்கள் என்று அது ஏற்றுக்கொள்கிறது. பாதிப்பை ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் அவர்களுக்குத் தனி இருக்கை தரவில்லை. முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு பிள்ளை அந்த வரியை இரண்டாம் முறை சத்தமாக வாசித்தது. கிழக்கில் இருந்துகொண்டு இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு பெரிய தவறு. அனுசரணையாளராக இருந்த நோர்வேயும் அதைத் திருத்தும் அளவுக்கு அழுத்தம் கொடுக்கவில்லை என்பதே என் எண்ணம்.

அப்புறம் குவாத்தமாலாவுக்குப் போனோம். இந்தத் தளத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது அங்கேதான். அரசும் கெரில்லாக் கூட்டமைப்பான யூஆர்என்ஜியும் 1994 ஜனவரி 10இல் செய்த சட்டக ஒப்பந்தம் சிவில் சமூகப் பேரவை ஒன்றை உருவாக்கியது. ஆயர் ரொடோல்ஃபோ கெசாடா டொருன்யோ தலைமை. தொழிற்சங்கங்கள், மாயா மக்களின் அமைப்புகள், பெண்கள் அமைப்புகள், மனித உரிமைக் குழுக்கள் எல்லாம் அதில் இருந்தன. பெரும் வர்த்தகர்களின் கூட்டமைப்பு மட்டும் சேர மறுத்தது. மேசையில் பேசப்படவிருந்த விடயங்களைப் பேரவை விவாதித்து, இணக்கப்பாட்டு அறிக்கைகளை ஐக்கிய நாடுகளின் நடுவருக்கும் இரு தரப்புக்கும் கொடுக்கும்.

இதில் வாசகத்தைப் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பது தெரியும். பேரவையின் பரிந்துரைகள் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது என்று ஒப்பந்தமே சொல்கிறது. இரு தரப்பும் செய்யும் உடன்பாட்டைப் பேரவை வழிமொழிந்தால் அது தேசியக் கடப்பாடாகும். வழிமொழியாவிட்டாலும் உடன்பாடு செல்லும். அப்படியென்றால் பேரவை வெறும் அலங்காரமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். இல்லை. 1995 மார்ச்சில் கையெழுத்தான பழங்குடி மக்களின் அடையாளமும் உரிமைகளும் பற்றிய உடன்பாட்டை எடுத்துப் பாருங்கள். பேரவையில் மாயா அமைப்புகள் முன்வைத்தவற்றில் நிறைய அதில் வந்து சேர்ந்திருக்கிறது. தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாமலே செல்வாக்குச் செலுத்த முடிந்தது, ஏனென்றால் அவர்கள் எழுதப்பட்ட வரைவோடு நேரத்துக்கு வந்தார்கள். உள்ளூரில் வேலை செய்யும் அமைப்புகள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். அதே நாட்டில் 1999 மே மாதம் அந்த ஒப்பந்தங்களுக்கான அரசியலமைப்புத் திருத்தங்கள் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றன. வாக்களிக்க வந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பேரவையில் இருந்த ஒற்றுமை ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

லைபீரியாவில்தான் இந்தத் தளத்தின் எல்லையும் தெரிந்தது. உள்நாட்டுப் போரை முடிக்கக் கானாவின் தலைநகர் ஆக்ராவில் 2003 ஆகஸ்ட் 18இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சிவில் சமூகத்துக்கு எண்ணிக்கையோடு இடம் எழுதப்பட்டிருக்கிறது. இடைக்காலச் சட்டமன்றத்தின் 76 இருக்கைகளில் பழைய அரசு, இரண்டு ஆயுதக் குழுக்கள் ஆகிய மூன்றுக்கும் தலா 12, அரசியல் கட்சிகளுக்கு 18, மாவட்டங்களுக்கு 15, சிவில் சமூகத்துக்கும் விசேட குழுக்களுக்கும் 7. பிள்ளைகள் கரும்பலகையில் கூட்டிப் பார்த்தார்கள். ஆயுதம் ஏந்திய மூன்று தரப்புக்கும் சேர்த்து 36, சிவில் சமூகத்தின் 7 எங்கே நிற்கிறது என்பதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த ஒப்பந்தம் எப்படி வந்தது என்பதைத் தளத்தில் உள்ள ஆவணம் சொல்லாது. ஆக்ராவில் பேச்சு இழுபட்டுக்கொண்டிருந்தபோது, லேமா குபோவி தலைமையில் வெள்ளை உடுத்திய பெண்கள் மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, உடன்பாடு வராமல் யாரும் வெளியே போக முடியாது என்று மறித்தார்கள். மத்தியஸ்தராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஜனாதிபதி அப்துல்சலாமி அபூபக்கர் வந்து அவர்களோடு பேச வேண்டியிருந்தது. குபோவிக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒப்பந்தத்தின் பிரிவுகளில் அந்த வாசல் இல்லை. எழுதப்பட்டதைப் பதிவு செய்வதுதான் தரவுத்தளத்தின் வேலை, அதற்காக அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதை மட்டும் வைத்து ஒரு சமாதான முயற்சியில் மக்கள் பங்கெடுத்தார்களா என்று முடிவுகட்டக் கூடாது. பேச்சுவார்த்தையின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும்.

இதே காரணத்துக்காக எங்கள் நாட்டு விடயத்திலும் கவனம் வேண்டும். 2003இல் அரசு–புலிகள் பேச்சுவார்த்தையின் கீழ் பால்நிலை (ஆண்-பெண் சமத்துவ) விவகாரங்களுக்கான உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. அரசு ஐந்து பெண்களை நியமித்தது, புலிகள் ஐந்து பெண்களை நியமித்தார்கள். ஒரு பக்கம் பெண்ணிய ஆய்வாளர் குமாரி ஜயவர்தன, மறுபக்கம் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுத் தலைவி தமிழினி. நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபர்க் அனுசரணை. மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். அடுத்த மாதமே புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். தெற்கிலிருந்து வந்தவர்களில் பலர் நீண்டகாலம் பெண்கள் அமைப்புகளில் உழைத்தவர்கள். போர்நிறுத்த ஒப்பந்தத்தை மட்டும் வாசித்தால் இந்த முயற்சி நடந்ததே தெரியாது.

வட அயர்லாந்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே பெண்கள் கூட்டணி என்ற கட்சி 1996 தேர்தலில் ஏறக்குறைய ஒரு சதவீத வாக்கோடு மேசைக்கு வந்தது. 1998 ஏப்ரல் 10 ஒப்பந்தத்தில் வர்த்தகர், தொழிற்சங்கம், தொண்டு அமைப்புகளுக்கான குடிமக்கள் மன்றம் எழுதப்பட்டது. மன்றம் 2000இல் கூடியது, 2002க்குப் பிறகு கூடவேயில்லை. தரவுத்தளத்தில் அந்தப் பிரிவு உயிரோடு இருப்பதுபோலவே தெரியும். இன்னொரு பக்கம், 2020 பெப்ரவரி 29 அமெரிக்க–தலிபான் தோஹா ஒப்பந்தத்தில் பெண்கள் என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். ஒரு வரியும் கிடைக்காது. இல்லாததைக் காட்டுவதில் இந்தத் தளத்துக்கு நிகர் நான் பார்க்கவில்லை.

சிவில் சமூகத்தை உள்ளடக்கிய ஒப்பந்தங்களில் சமாதானம் முறியும் ஆபத்து 64 சதவீதம் குறைவு என்று டெசிரே நில்சன் 2012இல் எழுதிய ஆய்வை எல்லாப் பயிலரங்குகளிலும் காட்டுவார்கள். அந்த எண்ணை நானும் மதிக்கிறேன். ஆனால் பேரவை, சட்டமன்ற இருக்கை, கண்காணிப்புக் குழு எல்லாம் 'சிவில் சமூகம்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. எந்த இடம், யார் நியமிப்பது, அவர் சொல்வது கட்டுப்படுத்துமா என்பதை வாசகத்தில் பார்த்த பிறகுதான் அந்த எண் எனக்குப் பேசுகிறது.

பாவிக்கப் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். ஆங்கிலம் வாசிக்க வேண்டும், அதிலும் சட்ட ஆங்கிலம். கைபேசியில் நீண்ட ஆவணம் கண்ணுக்குக் கஷ்டம், கணினி நல்லது. தலைப்பை மட்டும் நம்பாமல் சமயத் தலைவர், தேவாலயம், தொழிற்சங்கம், மூத்தோர் என்ற சொற்களையும் போட்டுத் தேடுங்கள். கையெழுத்துப் பகுதியையும், மூன்றாம் தரப்பு யார் என்ற விபரத்தையும் தவறாமல் பாருங்கள். 1992 அக்டோபர் 4 மொசாம்பிக் ஒப்பந்தத்தை அப்படிப் பார்த்தால், உரோமில் மத்தியஸ்தம் செய்தவர்களில் பெய்ரா பேராயர் ஜைமே கொன்சால்வெஸும் சாந்த் எஜீடியோ என்ற பொதுநிலையினர் சமூகத்தின் ஆட்களும் இருப்பது தெரியும். துவக்கில்லாதவர்கள் மேசையின் தலைமை இடத்திலேயே இருந்த ஒப்பந்தம் அது.

ஆசிரியர்கள், ஊர் அமைப்புகள், பத்திரிகையாளர்கள் எல்லோருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்கள் குழு குவாத்தமாலாப் பேரவைப் பிரிவுகளையும் லைபீரியாவின் இருக்கைப் பிரிவையும் தமிழில் எழுதி முடித்துவிட்டது. அடுத்து எடுத்திருப்பது பிலிப்பைன்ஸின் மின்டனாவோ. அங்கே சர்வதேசக் கண்காணிப்பு அணிக்குள் பொதுமக்கள் பாதுகாப்புப் பிரிவில் உள்ளூர் அமைப்புகளுக்கே இடம் கொடுத்தார்கள். எங்கள் 3.7ஆம் பிரிவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகள் ஒப்பிடப் போகிறார்கள்.