ஜாகுவார் எஞ்சின் போட்ட மாருத்தும் நாகர்கோவில் மாடிக்கடையும்

இந்த 3டி பிரிண்டிங் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நடத்துகிற தம்பியே வேண்டாம் என்றுவிட்டார். "இருக்க வேலைக்கே மூணு மெஷின் பத்தல அக்கா, நீங்க வேற எழுதி ஆளக் கூட்டிராதீங்க" என்றார். நாகர்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படி. மேலே போனால் பத்துக்குப் பன்னிரண்டு அறை. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குகிற பிரிண்டர் இரண்டு, திரவ ரெசினை வெளிச்சத்தால் இறுக்கி அச்சடிக்கிற பிரிண்டர் ஒன்று. வருகிறவர்களில் பாதிப் பேர் இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள், புராஜெக்ட்டுக்குக் கடைசி நாள் ஓடி வருகிறவர்கள். மீதிப் பேருக்குக் கல்யாண மேடைக்குப் பெயர் எழுத்து, சாவிக்கொத்து, உடைந்த மிக்ஸி மூடியின் கைப்பிடி. இந்தக் கூட்டத்தில்தான் நான் போய், 66 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு போர் விமானம் வேண்டும், அதுவும் உலகத்தில் இல்லாத விமானம் வேண்டும் என்று கேட்டேன்.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு பல் லேபில் டெக்னீஷியன். இருபது வருஷமாகப் பல் செட்டும் கேப்பும் செய்கிறேன். பொடிசு பொடிசாக ராவி மினுக்குவது பிழைப்பு என்பதால் மாடல் கட்டுவது பொழுதுபோக்கானதில் ஆச்சரியமில்லை. அப்பா விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமான உடம்பைப் பழுது பார்க்கிறவராக இருந்தவர். ஜோத்பூரில் மாருத் விமானத்தில் கைவைத்து வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் யார் எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் பேச்சு மாருத்தில்தான் வந்து நிற்கும்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எச்.எஃப்-24 மாருத், இந்தியாவிலேயே உருவாகிப் படைக்குப் போன முதல் போர் ஜெட். வடிவமைத்தவர் ஜெர்மன்காரர் குர்ட் டாங்க். 1956-இல் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டுக்கு வந்து சேர்ந்தார். 1959-இல் முழு அளவில் மரத்தாலான கிளைடர் ஒன்றைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூனில் நிஜ விமானத்தைச் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் ஓட்டினார். உடம்பு ஒலியைப் போல இருமடங்கு வேகத்துக்கு வரைந்தது. எஞ்சின்தான் வரவில்லை. பிரிஸ்டலின் ஆர்ஃபியஸ் 12 எஞ்சின், பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டுகிற ஆஃப்டர்பர்னர் போட்டால் 8,170 பவுண்டு உந்துவிசை தரும் என்று நம்பி வரைந்திருந்தார்கள். அதை மேம்படுத்தும் செலவை ஏற்க நம் அரசு முன்வரவில்லை. கடைசியில் 4,850 பவுண்டு தருகிற ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பொருத்தி அனுப்பினார்கள். ஒட்டக வண்டிக்குக் கழுதை கட்டின மாதிரி என்பது அப்பாவின் வாக்கியம். ஆனாலும் 1971 போரில் ராஜஸ்தான் பக்கம் நன்றாகவே உழைத்தது. தரையிலிருந்து அடிபட்டு ஒரு எஞ்சின் போன பிறகும் மற்றதை வைத்துக்கொண்டு திரும்பிய விமானங்கள் உண்டு. மொத்தம் 147 கட்டினார்கள். உள்ளூரில் ஆஃப்டர்பர்னர் சேர்த்துப் பார்த்த ஒன்றை ஓட்டும்போதுதான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார். அந்த இடம் வந்ததும் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

என் கற்பனை இந்த இடத்திலிருந்து கிளைக்கிறது. 1978-இல் அரசு ஜாகுவார் விமானத்தைத் தேர்ந்தெடுத்தது. என் வரலாற்றில் ஜாகுவாரை வாங்கவில்லை. அதன் அடோர் எஞ்சினை மட்டும் வாங்கி மாருத்தில் பொருத்திவிட்டார்கள். ஆஃப்டர்பர்னரோடு சுமார் 8,000 பவுண்டு. டாங்க் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். ஆர்ஃபியஸைவிட அடோர் ஒல்லியும் கூட, பழைய எஞ்சின் அறையின் அகலத்துக்குள் தாராளமாக நுழையும். 1984-இல் திருவனந்தபுரத்தில் தெற்கு விமானப்படைத் தலைமையகம் வந்ததல்லவா? கடல் காவலுக்கென்று ஒரு மாருத் அணியை அதன் கீழ் வைத்துவிட்டேன். சிறகுக்கு ஒன்றாக இரண்டு சீ ஈகிள் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை. நிஜத்தில் அந்த வேலையைப் பார்த்தது ஜாகுவார்தான்.

சரி, கடைக்கு வருகிறேன். இணையத்தில் காசு கொடுத்து வாங்கிய மாருத் கோப்பு ஒன்று என்னிடம் இருந்தது. 1:72-க்கு, அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்குக்கு வரைந்தது. எனக்கு வேண்டியது 1:24. மூன்றால் பெருக்கினால் போதும் என்று நினைத்துப் போனேன். தம்பி கோப்பைத் திறந்து, திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத இப்படியே பெருசாக்குனா தகட்டுக் கோடெல்லாம் ஓடை மாதிரி இருக்கும்" என்றார். உண்மை. சிறிய மாடலில் கண்ணுக்குத் தெரிவதற்காக, தகடுகள் சேருகிற கோடுகளை ஆழமாக வெட்டியிருப்பார்கள். மூன்று மடங்காகும்போது அது நிஜ விமானத்தில் கை நுழைகிற பள்ளம். கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு வழவழப்பான உடம்பாக அச்சடித்துத் தருகிறேன், நீங்களே கீறிக்கொள்ளுங்கள் என்றார். வேலை வாங்குவதற்காகத் தலையாட்டாமல், அடிக்கும் முன்பே குறையைச் சொன்ன அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கடைக்கு நான் மறுபடி போவேன்.

உடம்பை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் நிற்கவைத்து அச்சடித்தார். அவர் மெஷினில் ஒரே மூச்சில் 66 சென்டிமீட்டர் வராது. அடுக்குத் தடிமன் 0.12 மில்லிமீட்டர். நகத்தால் உரசினால் நரநரக்கும், அவ்வளவுதான். துண்டுகளை எங்கே பிரிப்பது என்பதில் மட்டும் எனக்கு மனத்தாங்கல். மாருத்தின் உடம்பு நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கும், அதன் அழகே அதுதான். சரியாக அந்த இடுப்பில் ஒரு வெட்டு. இரண்டு விரற்கடை முன்னால் தள்ளியிருந்தால் காற்று உறிஞ்சும் வாயின் ஓரத்தில் இணைப்பு மறைந்திருக்கும். முதலிலேயே படம் போட்டுக் காட்டச் சொல்லி நான் கேட்டிருக்கலாம். நீங்கள் கேளுங்கள்.

சிறகுகளும் முதல் இரண்டு துண்டுகளும் புரட்டாசியிலேயே கைக்கு வந்தன. அருமையாக இருந்தன. வாங்கிக்கொண்டு வருகிற வழியில் தக்கலையில் சித்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். கார் வெயிலில் நின்றது. அச்சடித்த இழையான பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கினாலே இளகும் என்று எனக்குத் தெரியும், மெழுகோடு வாழ்கிறவள் நான். தெரிந்தும் பின்சீட்டில் வைத்துவிட்டுப் போய் இரண்டாம் தடவை புளிசேரி ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் இடது சிறகு நன்னாரி வேர் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. மறுபடி அச்சடிக்கக் கேட்டபோது தம்பி சிரிக்கவில்லை. இழைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

மீதி இரண்டு துண்டு ஐப்பசி மழையில் மாட்டியது. நம் ஊருக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே. ஈரம் குடித்த இழை அச்சாகும்போது நூல் நூலாக இழுக்கும், வெளியெல்லாம் சிலந்தி வலை. வால் துண்டு அப்படித்தான் வந்தது. நான் வாங்க மறுத்துவிட்டேன். இழையை உலர்த்தும் பெட்டி அவரிடம் அப்போது இல்லை. ஒரு வாரத்தில் வாங்கிவிட்டார், அடுத்த அச்சு சுத்தமாக வந்தது. ஆனால் அதற்குள் டிசம்பர். டிசம்பரில் நம் மாவட்டத்தில் எந்த மெஷினும் சும்மா இருக்காது. தெருவுக்குத் தெரு குடில் போடுகிறார்கள், எல்லாருக்கும் நட்சத்திரமும் ஒட்டகமும் சம்மனசும் வேண்டும். மூன்று வாரம் என் மாருத், மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. போன் பண்ணினால் எடுத்தார், பொய் சொல்லவில்லை, "அக்கா, திருநாள் கழியட்டும்" என்றார். கோபம் வந்தாலும் என்ன சொல்ல முடியும்?

ரெசின் வேலைக்கு முழு மதிப்பெண். எஞ்சினின் பின்வாய் இரண்டையும் இதுவரை இல்லாத ஒன்றாக வரைய வேண்டியிருந்தது. அடோரின் குறுக்களவை 24-ஆல் வகுத்து 2.4 சென்டிமீட்டர் என்று ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்தேன். இதழ் இதழாக மூடித் திறக்கிற அந்த உலோகத் தகடுகளை, உள்பக்கத்து வரியோடு, நகம் பட்டால் உடைந்துவிடுமோ என்கிற மெல்லிசில் கொடுத்தார். எங்கள் லேபில் பல் அச்சுக்கு ரெசின் அடிப்பவர்களைவிட நன்றாகக் கழுவி, வெளிச்சத்தில் பதமாக இறுக்கியிருந்தார். தொட்டால் பிசுக்கு இல்லை. ஏவுகணை இரண்டும், ஒவ்வொன்றும் 17 சென்டிமீட்டர், கோடு போட்டமாதிரி நேர். சக்கரக் கால் மட்டும் ரெசினில் வேண்டாம், உடம்பின் பாரத்துக்கு நாளடைவில் வளையும் என்று அவரே சொல்லிவிட்டார். பழைய குடைக்கம்பியை வெட்டி நானே செய்துகொண்டேன். சிறகை உடம்போடு கோப்பதற்கும் குடைக்கம்பிதான். இந்த ஊரில் பழைய குடைக்கா பஞ்சம்?

அப்புறம் என் பாடு. இணைப்புகளில் ஃபெவிக்விக்கை விட்டு அதன் மேல் ஆப்பசோடாவைத் தூவினால் நொடியில் கல்லாகும். அதற்கு மேல் டிங்கர் கடைப் பட்டி, பிறகு உப்புத்தாள். பல் லேப் மைக்ரோமோட்டாரை வைத்து வேகமாக முடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேகம் கூடினால் பிஎல்ஏ சூடாகி உருகி இழுக்கிறது. கையால்தான் தேய்க்க வேண்டும். தை பிறக்கும்வரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதே வேலை.

பெயின்ட் அடிக்கும்போது, படக்கூடாத இடத்தை மறைக்கக் கடையில் விற்கிற திரவம் குப்பி சின்னது, விலை பெரிது. அது என்ன, ரப்பர் பால்தானே! பக்கத்து வீட்டுப் பறம்பில் காலையில் வெட்டின பாலைச் சிரட்டையோடு வாங்கிக்கொண்டேன். முதலில் அமோனியா கலந்து வைத்த பாலைத் தடவி, உரிக்கும்போது அடியிலிருந்த சாம்பல் நிறமும் கொஞ்சம் கழன்று வந்துவிட்டது. அமோனியா அக்ரிலிக் பெயின்ட்டைப் பிடிக்கும். அன்றன்று வெட்டின பச்சைப் பால்தான் சரி, திரிவதற்குள் தடவிவிட வேண்டும். காய்ந்ததும் ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி மொத்தமாக உரிந்து வருகிறது. காக்பிட் கண்ணாடிச் சட்டம் இவ்வளவு கூர்மையாக எனக்கு எந்த மாடலிலும் வந்ததில்லை.

விமானப்படையின் வட்டச் சின்னங்களை நீரில் ஒட்டும் தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்தேன். லேசர் பிரிண்டர் வெள்ளை அடிக்காது என்பது ஒட்டிய பிறகே உறைத்தது. காவிக்கும் பச்சைக்கும் நடுவே சாம்பல் வளையம். உரித்துவிட்டு, அடியில் வெள்ளை வட்டம் அடித்து, மறுபடி.

முடிந்ததும் அப்பாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிஜ விமானத்தைச் சோதிக்கிற மாதிரி மூக்கிலிருந்து தொடங்கிக் கடிகாரச் சுற்றில் பார்த்தார். வால் பக்கம் வந்ததும் நின்றார்.

"இது ஆர்ஃபியஸ் இல்லியே மக்களே."

சொன்னேன். உம் கொட்டினார். பிறகு சிறகுக்கு அடியில் குனிந்தார்.

"இந்த மிசைலுக்க வெயிட்டு எவ்வளவு?"

"சுமார் 580 கிலோ."

"மாருத்துல இதத் தொங்கவிடுற பைலான் ஒண்ணு ஆயிரம் பவுண்டுதான் தூக்கும். நீ ஆயிரத்து இருநூத்தெழுபது பவுண்டுக்கு மேல தொங்க விட்டிருக்க. கணக்குப் பாத்தியா?"

பார்க்கவில்லை. என் வரலாற்றில் சிறகையும் பலப்படுத்திவிட்டார்கள் என்று சமாளித்தேன். "அப்போ அதையும் எழுதி வை" என்றார். அதனால்தான் பீடத்தில் ஒட்டிய சீட்டில் 'வலுவூட்டிய சிறகு' என்று ஒரு வரி இருக்கிறது.

கணக்கு இதோ. இழை 880 கிராம், கிராமுக்கு 7 ரூபாய், 6,160. ரெசின் 110 கிராம், கிராமுக்கு 20, 2,200. வரைந்து திருத்தியதற்கு 2,500. மொத்தம் 10,860 ரூபாய். முறுக்கின சிறகுக்குக் கொடுத்த இழைக்காசு தனி, அது என் புத்திக்கான கட்டணம். வெளியூர் இணையக் கடையில் அச்சுக்கு மட்டும் கேட்ட விலை இதைவிட அதிகம். அதோடு வாலை நிராகரித்து முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்கிற வசதி அங்கே கிடைக்காது. குறை என்றால் நேரம். புரட்டாசியில் கேட்ட உடம்பு முழுதாகக் கைக்கு வர மார்கழி ஆகிவிட்டது. அவசரக்காரர்கள் போக வேண்டாம். கோப்பைப் பற்றி எதுவும் தெரியாமல் போகிறவர்களும் யோசிக்க வேண்டும், என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறவர்களுக்கே அவர் நன்றாகச் செய்கிறார். கோடையில் வாங்கினால் காரில் வைக்காதீர்கள்.

முன்சக்கரக் கதவு ஒன்று இன்னும் பாக்கி. கேட்டால், ஈஸ்டருக்குள் தந்துவிடுவாராம்.