தொகுப்பு நூல்களுக்கு ஓப்பன் மொனோகிராப் பிரஸ்: திருகோணமலையிலிருந்து நான்கு வருட அனுபவம்

திருகோணமலையில் ஐந்து பேர் சேர்ந்து ஆய்வு நூல்கள் பதிப்பிக்கிறோம். முதல் நூல் கரையோர மீன்பிடி பற்றிய தொகுப்பு, பதினொரு கட்டுரைகள். மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் வைத்தே வேலையை முடித்தோம். அச்சாகி வந்த பிறகுதான் ஒரு கட்டுரையின் திருத்தாத பழைய பிரதி உள்ளே போயிருப்பது தெரிந்தது. எழுதியவர் எங்களை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அது இன்னும் வலித்தது. அடுத்த நூலுக்கு, நூல் பதிப்பு வேலையை ஆரம்பம் முதல் இறுதி வரை இணையத்தில் நடத்தும் ஓப்பன் மொனோகிராப் பிரஸ் (ஓ.எம்.பி.) என்ற மென்பொருளை நிறுவினோம்.

ஆய்விதழ்களை நடத்த உதவும் ஓ.ஜே.எஸ். (ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ்) மென்பொருள் பலருக்குத் தெரிந்திருக்கும். அதைச் செய்த கனடாவின் பப்ளிக் நொலெட்ஜ் புரொஜெக்ட்தான் நூல்களுக்காக இதையும் செய்கிறது. கட்டற்ற மென்பொருள், காசு இல்லை. பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் ஓடும் சாதாரண வாடகை சேர்வர் போதும். சமர்ப்பிப்பு, உள் மதிப்பாய்வு, வெளி மதிப்பாய்வு, செம்மையாக்கம், தயாரிப்பு என்று ஒரு நூல் ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. எந்தக் கோப்பு எந்தக் கட்டத்தில், யார் கையில், எந்தத் திகதியில் என்பதெல்லாம் பதிவாகிவிடும். எங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. யாழ்ப்பாணத்து மதிப்பாய்வாளருக்கு இரவில் மின்சாரம், எங்களுக்கு விடியற்காலையில். ஒருவரையொருவர் தொலைபேசியில் பிடிப்பதே பாடு. ஆனால் அவரவர் நேரத்தில் ஓ.எம்.பி.க்குள் நுழைந்து தம் பங்கை முடித்தார்கள், வேலை நிற்கவில்லை. தாளுக்கும் தட்டுப்பாடு என்பதால் அப்போது கையிலிருந்த நூலை முதலில் பிடிஎப் ஆகவே வெளியிட்டோம். அச்சுக்கும் பிடிஎப்புக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேச அடையாள எண்) வேண்டும். அதற்கேற்ப ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி இடம் இதில் இருக்கிறது.

ஆனால் அந்த பிடிஎப் வாசகர் கண்ணில் படுவதற்குள் இரண்டு நாள் போனது. வடிவத்தின் நிலையை 'கிடைக்கும்' என்று மாற்ற வேண்டும், கோப்பை ஒப்புநோக்கி அங்கீகரிக்க வேண்டும், அப்புறம் அந்தக் கோப்பை 'திறந்த அணுக்கம்', அதாவது யாரும் இலவசமாகப் படிக்கலாம், என்றும் குறிக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பட்டியலில் நூல் தெரியும், கோப்பு தெரியாது.

தமிழில் பதிப்பிப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு விசயம். எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பாதி இன்னும் பாமினி எழுத்துருவில்தான். தலைப்பையும் சுருக்கத்தையும் அப்படியே ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடலிலும் அகப்படாது. ஆகவே யுனிகோடுக்கு மாற்றி, 'ஸ்ரீ', 'ஷ' போன்ற இடங்களைக் கண்ணால் பார்த்த பிறகே பதிவேற்றுகிறோம். மற்றது பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்துத்தான். குடும்பப் பெயர்ப் பெட்டியில் தகப்பனார் பெயரைப் போட்டால் மேற்கோளில் அவரே ஆசிரியராகிவிடுகிறார்! சொந்தப் பெயரை முதற்பெயர்ப் பெட்டியில் இட்டு, குடும்பப் பெயரை வெறுமையாக விட்டு, முதலெழுத்தோடு கூடிய பெயரை 'விரும்பும் பொதுப் பெயர்' பெட்டியில் கொடுங்கள்.

பெரிய குறை அத்தியாயங்களில்தான். அத்தியாயத்துக்குத் தனி ஆசிரியர் பெயர், தனி கோப்பு எல்லாம் தரலாம். மதிப்பாய்வு மட்டும் முழு நூலுக்கே ஓடுகிறது. பதினொரு கட்டுரையில் ஒன்று பிந்தினால் அதை மட்டும் பின்னுக்கு நிறுத்த வழியில்லை. எந்தக் கட்டுரை எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறோம். தொகுப்பு நூலே அதிகம் போடும் எங்களைப் போன்றவர்களுக்கு இது தீரவேண்டிய குறை.

மென்பொருளின் ஒரு புதுப்பிப்பு பாதியில் நின்றபோது எங்களிடம் தரவுத்தளத்தின் நகல் மட்டுமே இருந்தது. கோப்புகள் தனிக் கோப்புறையில் இருக்கின்றன, அதை நகலெடுக்கவில்லை. நல்லவேளை, அவை அழியவில்லை. இப்போது தரவுத்தளம், கோப்புறை, அமைப்புக் கோப்பு மூன்றையும் ஒவ்வொரு வெள்ளியும் எடுத்து, ஒரு பிரதியை மூதூரில் இருக்கும் குழுவினர் ஒருவர் வீட்டில் வைக்கிறோம்.

நான்காவது நூல் இப்போது வெளி மதிப்பாய்வில், இரண்டாம் சுற்றில் நிற்கிறது. அந்த மீன்பிடி நூலில் பழைய பிரதி அச்சான கட்டுரையாளர் இதிலும் எழுதியிருக்கிறார்.