கோபத்துக்குக் களிமண்ணா, வாட்டர் கலரா?

புரசைவாக்கம் வீட்டை விற்ற விவகாரத்தில் அண்ணனோடு பேச்சு நின்று ஆறேழு மாதம் ஆகியிருந்தது. இரவு பதினோரு மணிக்கு மேல் மனதுக்குள் அவனோடு வாதாடிக்கொண்டே புரண்டு கிடப்பது எனக்குப் பழகிவிட்டது. "எதையாவது வரைஞ்சு பாருடி" என்றாள் தோழி. நான் யானை வரைந்தால் பன்றிக்குட்டி மாதிரிதான் வரும். சரி, யார் பார்க்கப்போகிறார்கள் என்று வாட்டர் கலர், களிமண், சிக்குக்கோலம், வெட்டி ஒட்டுவது என்று நாலையும் வீட்டிலேயே செய்து பார்த்தேன்.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது வாட்டர் கலரை. கோபமாக இருக்கும்போது அதைத் தொடாதீர்கள் என்பேன். சாதா ஏ4 தாளில் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும், சிவப்பு வைத்த இடத்தில் நிற்காமல் பச்சைக்குள் ஓடி எல்லாம் சாக்கடை நிறமாகிவிடும். ஏற்கெனவே ஒரு விஷயம் கைமீறிப் போனதில் வெந்துகொண்டிருப்பவருக்கு இன்னொன்றும் கைமீறிப் போனால் எப்படி இருக்கும்? அன்று இரவு நான் தூங்கவே இல்லை. இளகி ஓடும் பொருள் உணர்ச்சியைக் கிளறிவிடும், கைக்கு எதிர்த்து நிற்கும் பொருள் அதற்குக் கரை கட்டும் என்று கலைச் சிகிச்சை செய்பவர்கள் 1970-களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அழுகை வராமல் மனசு மரத்துக் கிடக்கும் நாளில் இதே வாட்டர் கலர்தான் சரி. பகலில், வீட்டில் யாராவது இருக்கும்போது.

களிமண் அதற்கு நேர் எதிர். பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் தெருவோரம் அச்சில் பிள்ளையார் எடுத்து விற்பவர்களிடம் ஒரு உருண்டை கேட்டால் கொடுப்பார்கள், மற்ற நாளில் சென்னையில் குயவர்கள் இருக்கும் கொசப்பேட்டைப் பக்கம் விசாரிக்கலாம். முதல் பத்து நிமிடம் சமையல் மேடையில் ஓங்கி ஓங்கி அடித்தேன், பக்கத்து வீட்டில் சப்பாத்திக்குப் பிசைகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அப்புறம் கை தானாகக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி எதையோ செய்ய ஆரம்பித்தது. பார்த்தால் பழைய வீட்டுத் திண்ணை, கீழே படிகள், மூன்றாவது படியில் ஓரம் உடைந்த அந்த இடம் உட்பட. நானும் அண்ணனும் பள்ளிக்கூட ரிக்‌ஷாவுக்குக் காத்திருந்து உட்கார்ந்த படி அது. எனக்கு அவன்மேல் கோபம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரை அளவோடு தெளியுங்கள், சேறானால் அதுவும் வாட்டர் கலர் கதைதான். கையை சிங்க்கில் கழுவாதீர்கள், குழாய் அடைத்துப் பிளம்பருக்குக் காசு அழ வேண்டிவரும். பக்கெட்டில் கழுவி, தெளிந்தபின் செடிக்கு ஊற்றிவிடலாம்.

சிக்குக்கோலம் வேறு ரகம். 2005-ல் அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வில், வெற்றுத்தாளில் இஷ்டம்போல வண்ணம் தீட்டியவர்களைவிட, மண்டலா எனும் வட்ட வடிவம், கட்டம் போன்ற ஒழுங்கான வடிவங்களுக்கு வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் கூடுதலாகக் குறைந்தது. நம் புள்ளிக்கோலத்தில் அந்த ஒழுங்கு முதலிலேயே இருக்கிறது, கோடு எங்கே திரும்ப வேண்டும் என்று புள்ளி சொல்லிவிடும். ஃபிளாட்டில் வாசல் ஏது, பால்கனித் தரையில் சாக்பீஸ் போதும். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கிற மாதிரிப் பதற்றத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. கோபத்துக்கோ, கோலம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து வாதம் தொடரும். விலை கொடுத்து வாங்கும் கலரிங் புத்தகமும் எனக்கு இப்படித்தான் இருந்தது, கோலத்துக்குச் செலவு குறைவு.

வெட்டி ஒட்டுவது, வரையப் பயப்படுகிறவர்களுக்கு. பழைய போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து வெட்டுங்கள், மூலத்தில் கத்திரி வைத்துவிட்டு அழாதீர்கள். வரையத் தெரியாதே என்கிற கூச்சமும் வேண்டாம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், மார்க்கர், வெட்டி ஒட்டுவது என்று விரும்பியதைச் செய்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது, முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பதால் வித்தியாசம் வரவில்லை. ஒப்பிட வேறொரு குழு இல்லாத சின்ன ஆய்வுதான், ஆனாலும் பன்றிக்குட்டிக்காரிக்கு அது ஆறுதல்.

ஒன்று, வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர் களிமண் தேடிக்கொண்டு அலைய வேண்டாம். 14416-க்குப் போன் போடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

என் திண்ணை மே மாத வெயிலில் இரண்டாகப் பிளந்துவிட்டது. எறிவதற்குமுன் ஒரு போட்டோ எடுத்து, ஒன்றும் எழுதாமல் அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது: "உடைஞ்சது ரெண்டாவது படி."