நிதி பற்றாமல் போனால் யார் கட்டுவது? சமூக மருத்துவக் காப்பீட்டில் மூன்று வழிகள்

ஒரு ஊரோ குழுவோ சேர்ந்து பணம் போட்டு, உறுப்பினர்களின் வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்வதுதான் சமூக மருத்துவக் காப்பீடு. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே பிரீமியம் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் நிற்பார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. வசூலான பணத்தைவிடச் சிகிச்சைச் செலவு கூடிவிட்டால் மீதியை யார் கட்டுவது? இடரைச் சுமப்பவர் யார் என்பது இதுதான். மூன்று மாதிரிகளும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

மருத்துவமனையே காப்பீட்டாளர். இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில் உள்ள புவமண்டா மருத்துவமனை 1986இல் இப்படி ஒரு திட்டம் தொடங்கியது. விளைச்சல் விற்றுக் கையில் பணம் இருக்கும் பருவத்தில் மட்டுமே ஆள் சேர்த்தார்கள். கட்டுவதற்கு வசதி என்பதோடு இதில் இன்னொரு பலனும் உண்டு. வருடம் முழுக்கக் கதவு திறந்திருந்தால் நோய் வந்த பிறகுதான் பலரும் சேர வருவார்கள். இதற்குப் பாதகத் தேர்வு என்று பெயர். நோயாளிகள் கூடினால் பிரீமியம் ஏறும், ஏறினால் நலமாக இருப்பவர்கள் விலகுவார்கள், மறுபடி ஏறும். குடும்பத்தோடு சேர வேண்டும் என்ற விதியும், சேர்ந்து சில காலம் கழித்தே பலன் கிடைக்கும் என்ற காத்திருப்புக் காலமும் பல திட்டங்களில் இருப்பது இதைத் தடுக்கத்தான்.

இந்த மாதிரியில் க்ளைம் தொல்லை குறைவு. ஆனால் சிகிச்சை தருபவரும் காப்பீட்டாளரும் ஒருவரே என்பதால், பணம் முன்கூட்டியே வந்துவிட்ட பிறகு குறைவாக வைத்தியம் பார்த்தால் யார் கேட்பது? தொலைவில் இருப்பவர் அதே பிரீமியம் கட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரைவிடக் குறைவாகவே பயன்பெறுவார்.

உறுப்பினர்களே நடத்தும் நிதி. மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலான வடிவம் இது. ஒருவரையொருவர் தெரியும் என்பதால் பொய் க்ளைம் எளிதில் நுழையாது. இலவசம்தானே என்று தேவையில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கத்தையும் ஓரளவு கட்டுக்குள் வைக்கலாம். அதற்காகத்தான் செலவில் ஒரு பங்கை நோயாளியே கட்டும் இணைக்கட்டணமும் வைக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கையில் பணமில்லாதவர் தேவையான சிகிச்சையையும் தள்ளிப்போடுவார்.

பெரிய சிக்கல் நிதியின் அளவு. முந்நூறு குடும்பங்கள் கட்டும் பணம் காய்ச்சல், பிரசவம் வரை தாங்கும். ஒரே வருடத்தில் நான்கைந்து பெரிய அறுவை சிகிச்சை வந்தால் பெட்டி காலி. அதனால் சிறிய திட்டங்கள் உச்சவரம்பு வைத்துச் சின்னச் செலவை ஏற்கின்றன. குடும்பத்தைக் கடனில் தள்ளும் செலவு வெளியே நின்றுவிடுகிறது. மறுகாப்பீடு எடுப்பது (அதாவது நிதியே தன் பெரிய நஷ்டத்துக்கு வேறொரு நிறுவனத்திடம் காப்பீடு எடுப்பது), பல நிதிகளை இணைப்பது இரண்டும்தான் மாற்று. ருவாண்டா நிதிகளை இணைக்கும் வழியில் போனது. 1999இல் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது நாடு முழுக்கப் பரவியது. 2011இல் வசதிக்கேற்ற பிரீமியம் வந்தது. 2015இல் நிர்வாகம் அரசின் சமூகப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போனது. (வசதிக்கேற்ற பிரீமியத்தை வங்கதேசத்தின் கொணோசாஸ்த்ய கேந்திரா என்ற தொண்டு நிறுவனம் 1970களிலேயே செய்து பார்த்துவிட்டது.) நிதி பெரிதானது, சரி. ஆனால் உறுப்பினர் கூடி முடிவெடுக்கும் சங்கம் என்று இனி அதைச் சொல்ல முடியாது.

அமைப்பு இடையில், நிறுவனம் பின்னால். சந்தா வசூல், க்ளைம் உதவி இரண்டையும் உள்ளூர் அமைப்பு பார்க்கும். நஷ்டம் வந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு. குஜராத்தின் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு 1992இல் இப்படித்தான் ஆரம்பித்தது. பலர் கட்டும் பணம் சேரும் நிதிக்குளம் பெரியது என்பது பலம். எந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விலக்குப் பட்டியலை எழுதுவது நிறுவனம் என்பது பலவீனம். அதைவிடக் கொடுமை, முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் முறை. வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டியவருக்கு மூன்று மாதம் கழித்து வரும் காசோலை பாதிக் காப்பீடுதான்.

நீலகிரி மாவட்டக் கூடலூரில் ஆதிவாசிகளுக்காக அக்கார்ட் என்ற தொண்டு அமைப்பு 1990களில் உருவாக்கிய ஏற்பாடு இதற்கு நல்ல விடை. நோயாளி அஸ்வினி மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுவார்; காகிதங்களை அனுப்பி நிறுவனத்திடம் பணம் வாங்குவது அமைப்பின் வேலை. என் ஓட்டு இந்தக் கலப்புக்குத்தான். ஆனால் மக்கள் நம்பும் அமைப்பு ஏற்கெனவே இருந்தால் மட்டும். காப்பீட்டுக்காகவே புதிதாக அமைப்பைக் கட்டினால் வேலை செய்யாது.

இந்த வழியில் போகிறவர்கள் க்ளைம் விகிதத்தைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. கட்டிய 100 ரூபாயில் 30 மட்டுமே சிகிச்சையாகத் திரும்பினால் பேரம் பேச வேண்டிய நேரம் அது. 100ஐத் தாண்டினால் அடுத்த வருடம் நிறுவனம் விலையைக் கூட்டும், இல்லையென்றால் விலகும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். ஆகவே க்ளைம் பதிவேட்டின் ஒரு பிரதி அமைப்பின் கையிலேயே இருக்கட்டும். அது இல்லாமல் வேறு நிறுவனத்திடம் போனால், எதற்கும் இருக்கட்டும் என்று அவர்கள் ஏற்றித்தான் விலை சொல்வார்கள்.