செட்டிநாட்டுக் கதவுகளுக்கு ஓர் உலர் ஸ்ப்ரே பூத்

பழைய தேக்குக் கதவுகளையும் அலமாரிகளையும் புதுப்பித்து பி.யூ. (பாலியூரித்தேன்) பாலீஷ் அடிக்கும் எங்கள் காரைக்குடிப் பட்டறையில், பறக்கும் பெயிண்ட் துளிகளைத் தண்ணீரில் பிடிக்கும் நீர்த்திரை பூத்தை, அதாவது ஸ்ப்ரே அடிக்கும் அறையை, அகற்றிவிட்டு, அவற்றை வடிகட்டிகளில் பிடிக்கும் உலர் வடிகட்டி பூத்தை அமைத்திருக்கிறோம். தண்ணீரில் திரளும் பெயிண்ட் கசடைக் கொட்ட இடமில்லாததே இதற்கு முதற்காரணம்.

காற்று வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கத்தில் இரண்டு அடுக்குகள் உள்ளன. முன்னால் நிற்பது துளையிட்ட மடிப்பு அட்டை. காற்று அதன் மடிப்புகளுக்குள் சட்டென்று வளைந்து செல்லும்போது, கனமான பெயிண்ட் துளிகள் கூடவே திரும்ப முடியாமல் சுவரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. தப்பி வரும் நுண்துளிகளைப் பின்னாலுள்ள இரண்டு அங்குலக் கண்ணாடி இழை பிடித்துக்கொள்கிறது. இழையின் ஒரு பக்கம் தளர்வாகவும் மறுபக்கம் நெருக்கமாகவும் இருப்பதால், தளர்ந்த பக்கமே ஸ்ப்ரே கன்னை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் மேற்பரப்பு விரைவில் அடைத்துக்கொள்ளும்.

வடிகட்டியில் குறையில்லை, சட்டத்தில்தான் குறை. பொருத்தித் தந்தவர்கள் ஓரங்களில் விட்ட இடைவெளி வழியே ஓவர்ஸ்ப்ரே (மரத்தில் படாமல் பறக்கும் பெயிண்ட்) நழுவி, பின்புறத் தகட்டில் நூல் பிடித்ததுபோல் நேர்கோடாகப் பழுப்புக் கறை படிந்தது. ரப்பர் பட்டை ஒட்டிய பிறகே விசிறி இறக்கைகள் சுத்தமாக இருக்கின்றன. இவ்வளவு விலை வாங்குபவர்கள் அதையும் சேர்த்தே தந்திருக்கலாம்.

ஆடிக் காற்றில் செம்மண் தூசி பறக்கும் எங்கள் ஊரில், காற்று உள்ளே வரும் பக்கத்தின் வடிகட்டியும் அதே அளவு முக்கியம். அது அடைத்துக்கொண்டால் பூத்துக்குள் அழுத்தம் குறைந்து, கதவிடுக்கு வழியாகத் தூசி உறிஞ்சப்பட்டு, ஈரமான பாலீஷில் பொரிப்பொரியாக ஒட்டும். எக்ஸாஸ்ட் அடுக்குகளை எப்போது மாற்றுவது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், வடிகட்டியின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானோமீட்டரைப் பார்த்தே முடிவு செய்கிறோம்: புதிதாக மாட்டியபோது காட்டிய அளவைக் குறித்துவைத்து, அது அரை அங்குல நீரளவை, அதாவது ஏறத்தாழ 125 பாஸ்கலை, நெருங்கும்போது மாற்றிவிடுகிறோம்.

இந்த வடிகட்டிகள் துளிகளைத்தான் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. இரு கலவை பி.யூ.வில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருப்பதால், பூத் வந்துவிட்டது என்று முகமூடியைக் கழற்றும் பணியாளரை வேலைக்கு விடக்கூடாது. கழற்றிய வடிகட்டிகளைக் குவித்து வைத்தால், ஊறிய லாக்கர் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட இரும்பு டிரம்மில்தான் போட வேண்டும்.

கண்ணாடி இழை சுருளாகக் கிடைப்பதால் நாமே வெட்டிக்கொள்ளலாம். அட்டையைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. ஒரு செட்டைக் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது.